அணுக்கருக்கள் மோதும்போது: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் கன அயனி மோதல்களைப் பற்றி எழுதியிருந்தேன். தங்கம், ஈயம் போன்ற கனமான அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை முழுவதும் உரித்துவிட்டு, எஞ்சிய அணுக்கருக்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் முடுக்கி, எதிரெதிராக மோதவிடும் சோதனைகள் இவை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2000-ஆம் ஆண்டு ‘ரிக்’ மோதுவி இந்த வேலையைத் தொடங்கியது. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்எச்சி மோதுவியில் 2010 முதல் ஈய அணுக்கருக்கள் மோதுகின்றன. மோதிய இடத்தில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் கரைந்து, அவற்றுக்குள் அடைபட்டிருந்த குவார்க்குகள் என்ற அடிப்படைத் துகள்களும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் விடுபட்ட ஒரு குழம்பு கண நேரம் உண்டாகிறது. வந்த கடிதங்களில் பல ‘இதெல்லாம் எப்படித் தெரியும்?’ என்று கேட்கின்றன. மாணவப் பருவத்தில் இத்தகைய சோதனை ஒன்றின் தரவுகளோடு பல இரவுகளைக் கழித்தவன் நான். என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்ததும் இதே கேள்விதான்.

கேள்வி: அந்தக் குழம்பு ஒரு நொடியில் கோடி கோடியில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. அதன் வெப்பநிலை பல லட்சம் கோடி டிகிரி என்கிறீர்கள். எந்த வெப்பமானியை எங்கே வைத்து அளந்தார்கள்?

ஒளிதான் வெப்பமானி. சூடான பொருள் எதுவும் ஒளியை உமிழும்; சூடு ஏற ஏற அந்த ஒளித்துகள்களின் ஆற்றலும் ஏறும். குவார்க்குகளைக் கட்டிப்போடும் வலுவிசை ஒளித்துகளைத் தொடுவதில்லை. ஆகவே குழம்பின் நடுவே பிறந்த ஃபோட்டான், எதிலும் சிக்காமல் வெளியே வந்துவிடுகிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மோதலிலும் மின்னேற்றமற்ற பையான்கள் என்ற துகள்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. அவை ஒவ்வொன்றும் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைகின்றன. நாம் தேடும் ஒளி இந்த வெள்ளத்தில் மூழ்கிப்போகிறது. ரிக்கின் சோதனைக் குழுக்களில் ஒன்றான ‘ஃபீனிக்ஸ்’ குழுவினர் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். சில நேரங்களில் ஃபோட்டானாக வெளிவர வேண்டிய ஆற்றல், எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சேர்ந்த இணையாக வெளிவரும். அந்த இணையின் மொத்த நிறை பையானின் நிறையைத் தாண்டிவிட்டால், அது பையான் சிதைவிலிருந்து வந்திருக்க வழியே இல்லை. அந்தப் பகுதியில் எண்ணினால் இரைச்சல் பெருமளவு அடங்கிவிடுகிறது.

2010-இல் வெளியான முடிவு: ஏறக்குறைய 4 லட்சம் கோடி டிகிரி. சூரியனின் மையத்தைப் போல இரண்டரை லட்சம் மடங்கு. இதில் ஒன்றைக் கவனியுங்கள். குழம்பு விரிந்து ஆறும் காலம் முழுவதும் வந்த ஒளியின் சராசரியைத்தான் கருவிகள் நேரடியாகத் தருகின்றன. அது சுமார் இரண்டரை லட்சம் கோடி டிகிரி. தொடக்க வெப்பத்தை அதிலிருந்து கணக்கிட்டுத்தான் பெறுகிறார்கள். புரோட்டான்கள் கரையத் தேவையான வெப்பம் சுமார் 2 லட்சம் கோடி டிகிரி என்பது கோட்பாட்டுக் கணிப்பு. எனக்கு இந்த ஒப்பீடுதான் முக்கியம். சாதனைப் புத்தகத்தில் ஏறும் எண் பெரிதாகத் தெரியலாம்; எல்லைக்கோட்டைத் தாண்டினார்களா என்பதற்கு விடை சொல்வது இந்த ஒப்பீடுதான்.

கேள்வி: இவ்வளவு சூட்டில் எதுவும் வாயுவாகத்தானே இருக்க வேண்டும்? நீங்கள் ‘திரவம்’ என்று எழுதியிருந்தீர்களே?

அறிவியலாளர்களில் பெரும்பாலானோரும் வாயுவைத்தான் எதிர்பார்த்தார்கள். மாறியது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு அணுக்கருக்களும் எப்போதும் மையத்தோடு மையம் மோதுவதில்லை. சற்று விலகி மோதினால், ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி பாதாம் பருப்பின் வடிவத்தில் இருக்கும். உள்ளே இருப்பது ஒன்றையொன்று கண்டுகொள்ளாத துகள்களின் வாயு என்றால், அவை எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறும். தொடக்க வடிவத்தின் சுவடே மிஞ்சாது. திரவம் என்றால் கதை வேறு. பருப்பின் குறுகிய அச்சில் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, நீண்ட அச்சில் மெதுவாக இறங்குகிறது. ஆகவே குறுகிய அச்சின் திசையில் அதிகத் துகள்கள் தள்ளப்படும்.

தரவில் தெரிந்தது இந்த இரண்டாவது வகைதான். அதுவும் பாகுத்தன்மை (ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வு) கிட்டத்தட்ட இல்லாத திரவத்துக்கான சமன்பாடுகள் சொல்லும் அளவுக்கு அருகில் இருந்தது. 2005 ஏப்ரலில் ரிக்கின் நான்கு சோதனைக் குழுக்களும் சேர்ந்து இதை அறிவித்தன. கோவ்தூன், சோன், ஸ்டாரினெட்ஸ் ஆகிய மூன்று இயற்பியலாளர்கள், துகள்களை நுண்ணிழைகளின் அதிர்வுகளாகப் பார்க்கும் இழைக் கோட்பாட்டின் கணிதத்திலிருந்து பாகுத்தன்மைக்கு ஒரு கீழ்வரம்பைக் கணித்திருந்தார்கள். அளந்த மதிப்பு அந்த வரம்பை ஒட்டியே நிற்கிறது.

கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணியில் இருக்கும்போது திரையில் ஒவ்வொரு மோதலாக வந்து போகும். ஆயிரக்கணக்கான துகள்தடங்கள் காந்தப்புலத்தில் வளைந்து, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்திருக்கும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒரு படத்தில், குறுகிய அச்சின் பக்கம் துகள்கள் கூடுதலாக இருக்கும் அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. லட்சக்கணக்கான மோதல்களை ஒரே திசைக்குத் திருப்பி அடுக்கிய பிறகுதான் அது எழுந்து நிற்கும். அப்படி எழுந்த வரைபடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. இடைப்பட்ட உந்தத்தில் புரோட்டான்களின் சாய்வு பையான்களின் சாய்வைவிட அதிகம். புரோட்டானின் எண்களை 3-ஆலும் பையானின் எண்களை 2-ஆலும் வகுத்துப் பாருங்கள். இரண்டு வளைகோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. புரோட்டானில் 3 குவார்க்குகள். பையானில் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும், ஆக 2. ஓடியவை புரோட்டான்களும் பையான்களும் அல்ல. அவை உருவாவதற்கு முன்பே குவார்க்குகள் ஓடியிருக்கின்றன. அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு குவார்க் குழம்பு எனக்கு வெறும் கோட்பாடாக இல்லாமல் போனது.

கேள்வி: குழம்பு இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு சான்றைத்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

தாரை ஒடுக்கத்தை. அதைவிட, அதைச் சரிபார்த்த விதத்தை.

மோதலில் சில குவார்க்குகள் பெரும் ஆற்றலோடு எதிரெதிர்த் திசைகளில் தெறிக்கும். ஒவ்வொன்றும் ஒரு துகள்தாரையாக வெளிப்படும். வழியில் குழம்பு இருந்தால் தாரை ஆற்றலை இழக்க வேண்டும் என்ற எண்ணத்தை 1982-இலேயே இயற்பியலாளர் பியார்க்கன் எழுதிவைத்தார். ரிக்கில் தங்கத்தோடு தங்கம் நேராக மோதியபோது, உயர் உந்தமுள்ள பையான்கள் எதிர்பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்தன. ஒரு பக்கம் தாரை தெரிந்தது. எதிர்ப்பக்கத் தாரை காணாமல் போயிருந்தது.

இங்கேயே கொண்டாடியிருக்கலாம். ஆனால் இன்னொரு விளக்கமும் இருந்தது. வேகமாக வரும் தங்க அணுக்கருவிலேயே குளுவான்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால், தாரைகள் பிறப்பதே குறையும். குழம்பு எதுவும் தேவையில்லை. இரண்டையும் பிரிக்க 2003-இல் தங்கத்தோடு டியூட்ரானை மோதவிட்டார்கள். டியூட்ரானில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே. தங்கம் அதே தங்கம். பெரிய சூடான குழம்பு மட்டும் இல்லை. குறை தங்கத்தில் இருந்தால் இங்கேயும் தாரைகள் குறைய வேண்டும்.

குறையவில்லை. எதிர்ப்பக்கத் தாரையும் முழுதாக வந்தது. பிறகு தங்கம்-தங்கம் மோதலிலேயே, வலுவிசைக்கு ஆட்படாத உயர் ஆற்றல் ஃபோட்டான்களை எண்ணினார்கள், அவையும் குறையவில்லை. தாரையைத் தின்றது குழம்புதான் என்பது உறுதியானது. எல்எச்சியில் 2010 நவம்பரில் முதல் ஈய மோதல்கள் தொடங்கிய சில வாரங்களிலேயே, ஒரு பக்கம் பெரிய தாரையும் மறுபக்கம் ஏறக்குறைய வெறுமையுமாக இருக்கும் மோதல்களை அங்குள்ள அட்லஸ் சோதனைக் குழு படமாகவே காட்டியது.

கேள்வி: எல்எச்சியில் ஈயம் தங்கமாகிறதாமே, உண்மையா?

உண்மை. இரண்டு ஈய அணுக்கருக்கள் மோதாமல் மிக நெருங்கிக் கடந்துபோகும்போது, 82 புரோட்டான்களின் மின்புலம் மற்றதன்மேல் ஒரு ஒளித்துடிப்பாகப் பாய்கிறது. அந்த அடியில் 3 புரோட்டான்கள் வெளியேறினால் மீதி 79, அதுதான் தங்கம். எல்எச்சியின் ஆலிஸ் சோதனைக் குழு 2025-இல் இதை அளந்து வெளியிட்டது. 2015 முதல் 2018 வரையிலான ஓட்டத்தில் உண்டானவை சுமார் 8,600 கோடி தங்க அணுக்கருக்கள். எடையோ 29 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கி, அதில் 29 பங்கு. அவையும் கண நேரத்தில் குழாய்ச் சுவரிலோ வேறு பாகத்திலோ மோதி உடைந்துவிடும்.

கேள்வி: இத்தகைய மோதலில் கருந்துளை உண்டாகி உலகை விழுங்கிவிடும் என்று படித்தேன். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். ரிக் தொடங்கும் முன்பே, 1999-இல், இந்தக் கேள்வியை ஒரு நிபுணர் குழு ஆராய்ந்தது. அவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று மிக எளியது. விண்வெளியிலிருந்து வரும் கனமான அணுக்கருக்கள், வளிமண்டலக் காப்பு இல்லாத நிலாவின் தரையில் பல நூறு கோடி ஆண்டுகளாக இதே போன்ற ஆற்றலில் மோதிக்கொண்டிருக்கின்றன. நிலா அப்படியே இருக்கிறது.

கேள்வி: வெற்றிகளையே எழுதுகிறீர்கள். தேடிக் கிடைக்காதது எதுவும் இல்லையா?

இருக்கிறது, அதை எழுத எனக்கு ஆசையும் இருக்கிறது. விலகி மோதும் அணுக்கருக்கள் கணநேரத்துக்கு மாபெரும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. குழம்பில், சுழற்சித் திசையால் இடக்கை, வலக்கை என்று பிரிக்கப்படும் குவார்க்குகளின் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால், அந்தப் புலத்தின் திசையில் நேர், எதிர் மின்னேற்றங்கள் பிரிய வேண்டும் என்கிறது கோட்பாடு. 2009-இல் ரிக்கின் ஸ்டார் சோதனைக் குழு அதை ஒத்த ஓர் அறிகுறியை வெளியிட்டது. ஆனால் சாதாரணக் காரணங்களாலும் அதே அறிகுறி தோன்றலாம்.

தீர்ப்பதற்கு 2018-இல் ரூதீனியம்-96, சிர்கோனியம்-96 என்ற இரண்டு அணுக்கருக்களைத் தேர்ந்தார்கள். இரண்டிலும் 96 துகள்கள். ரூதீனியத்தில் 44 புரோட்டான்கள், சிர்கோனியத்தில் 40. மற்றவை ஏறக்குறைய ஒன்றாக இருக்க, ரூதீனியத்தில் காந்தப்புலம் மட்டும் பலமாக இருக்கும். ஏறக்குறைய 380 கோடி மோதல்கள். எந்தத் தரவு எந்தத் தனிமத்தினுடையது என்பதைப் பகுப்பாய்வு செய்தவர்களிடமிருந்தே மறைத்தார்கள். எது கிடைத்தால் வெற்றி என்பதையும், கணினி நிரல்களையும் முன்கூட்டியே பூட்டிவைத்துவிட்டுத் திறந்தார்கள். 2021-இல் வந்த விடை: எதிர்பார்த்த அறிகுறி இல்லை.

பல ஆண்டு உழைப்பைக் கொட்டியவர்கள் தங்கள் கைகளையே கட்டிக்கொண்டு இந்த விடையைக் கேட்டுக்கொண்டார்கள். அதை நான் பெரிதும் மதிக்கிறேன். பலனும் கிடைத்தது. இரண்டு அணுக்கருக்களும் வடிவத்திலும் அளவிலும் நினைத்ததைவிட வேறுபட்டவை என்பது தெரியவந்தது. அணுக்கருவின் வடிவத்தை மோதல் மூலம் படிக்கும் ஆய்வு இப்போது அதனால் சூடுபிடித்திருக்கிறது.

கேள்வி: அடுத்து எதைத் தேடுகிறார்கள்? கல்லூரி மாணவியான என்னால் இதில் எதையாவது செய்து பார்க்க முடியுமா?

குழம்பு உண்டாக எவ்வளவு சிறிய துளி போதும் என்பதுதான் இப்போதைய பெரிய புதிர். வெறும் புரோட்டான்கள் மோதினாலும், துகள்கள் மிக அதிகமாகப் பிறக்கும் சில மோதல்களில் திரவம் போன்ற அறிகுறி தெரிகிறது. 2010-இல் எல்எச்சியின் சிஎம்எஸ் சோதனைக் குழு இதன் முதல் தடயத்தைக் காட்டியது. இடைப்பட்ட அளவைச் சோதிக்க 2025 ஜூலையில் எல்எச்சியில் ஆக்சிஜன் அணுக்கருக்களை மோதவிட்டார்கள்.

நீங்கள் தாராளமாகச் செய்து பார்க்கலாம். செர்னின் திறந்த தரவுத் தளத்தில் ஆலிஸ், சிஎம்எஸ் குழுக்களின் ஈய மோதல் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர்களுக்கென்றே ஆலிஸ் வைத்திருக்கும் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். மோதிய புள்ளியிலிருந்து சற்றுத் தள்ளி, எங்கிருந்தோ பிரிவதுபோல இரண்டு தடங்கள் கவட்டையாகத் தெரியும். மின்னேற்றமற்ற ஒரு துகள், தடமே பதிக்காமல் அதுவரை வந்து அங்கே இரண்டாகச் சிதைந்திருக்கிறது. இரண்டு தடங்களின் வளைவையும் அளந்து நிறையைக் கணக்கிட்டால் அது கேயான் என்ற துகளா, லாம்டா என்ற துகளா என்று நீங்களே சொல்லிவிடலாம். கணக்கு ஒத்துவராவிட்டால், எந்த இடத்தில் பிசகியது என்பதை எனக்கு எழுதுங்கள்.