குடிமையியலைத் தெருவிளக்கிலிருந்து தொடங்கலாம்

பெருந்துறைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சர் கேட்டிருக்கிறார்: "ஒன்பதாம் வகுப்புக்கு உள்ளாட்சிப் பாடம் நடத்துறேனுங்க. 73வது திருத்தம், 1992 என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வீர்கள் என்றால் முழிக்கிறார்கள். என்ன செய்யலாமுங்க?"

டீச்சர், புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வையுங்கள். "இது யார் வேலை?" என்ற கேள்வியை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிவரை கண்ணில் படுவதையெல்லாம் எழுதி வரச் சொல்லுங்கள். தெருவிளக்கிலேயே வேடிக்கை ஆரம்பித்துவிடும், கம்பம் மின்வாரியத்துடையது, அதில் மாட்டியிருக்கும் பல்பைப் பார்த்துக்கொள்வது ஊராட்சி. ரோடு ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று விசாரிக்கவே இரண்டு நாள் ஆகும். ஆகட்டும், அந்த அலைச்சல்தான் பாடம்.

அப்புறம் மனு எழுத வையுங்கள். நான் பார்த்தவரை பிள்ளைகள் "மேற்படி பொருள் தொடர்பாக ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்" என்று அரைப்பக்கம் எழுதிவிட்டு, எந்தத் தெரு, எத்தனையாவது கம்பம், எப்போதிருந்து எரியவில்லை என்பதை விட்டுவிடுவார்கள். பெரியவர்கள் மனுவும் அப்படித்தான் இருக்கிறது, அது வேறு கதை. தாழ்மையை அடித்துவிட்டு கம்பத்தின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கவும் பழக்குங்கள்.

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும், தலைமையாசிரியரிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டு, கிராம சபைக்குக் கூட்டிப் போங்கள். 18 வயது ஆகாததால் தீர்மானத்துக்குக் கை தூக்க முடியாது, உட்கார்ந்து கவனிக்கலாம். யார் நாற்காலியில், யார் தரையில், யார் வாசலோடு நின்றுவிட்டார்கள், பெண் தலைவர் என்றால் பேசுவது அவரா அவர் வீட்டுக்காரரா என்பதையெல்லாம் பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையாகப் பார்த்துவிடுவார்கள். மறுநாள் வகுப்பில், தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சட்டத்தின் 17வது பிரிவையும், உள்ளாட்சியில் பெண்களுக்கான 50 சதவீத இட ஒதுக்கீட்டையும் எடுங்கள். யார் வீட்டுப் பெயரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊர் சிறிசு. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால், ஏன் என்று பிள்ளைகளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக நொய்யல் ஆறு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. உங்கள் வகுப்பிலேயே விவசாயம் பார்க்கும் காட்டுக்காரர் பிள்ளையும் இருக்கும், பட்டறை வேலைக்குப் போகிறவர் பிள்ளையும் இருக்கும். இருவரையும் இடம் மாற்றிப் பேச விடுங்கள். அதாவது பட்டறைத் தொழிலாளி பிள்ளை ஆயக்கட்டுப் பாசன நிலத்துக்காக, காட்டுக்காரர் பிள்ளை கூலிக்காக. தீர்ப்பு நீங்கள் சொல்லாதீர்கள். மணி அடித்தால் அடுத்த பீரியடிலும் தொடரட்டும், கணக்கு வாத்தியாரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.