‘டு’வுக்குப் பிறகு ‘ஹியரிங்’ ஏன்?

கேள்வி: வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தை ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடித்திருந்தேன். அதைப் பார்த்த நண்பர் ‘ஹியரிங்’ என்று திருத்தினார். ‘டு’வுக்குப் பின்னால் வினைச்சொல்லின் முதல் வடிவம்தான் வரும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: திருத்தம் சரி. நீங்கள் படித்தது பாதி விதி.

ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘ஐ வான்ட் டு கோ’ என்பதில் அது ‘கோ’வோடு ஒட்டிய வினைக்குறி. ‘ஐ வென்ட் டு மதுரை’ என்பதில் நம் நான்காம் வேற்றுமை ‘கு’ செய்யும் வேலையைச் செய்கிறது. ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இந்த இரண்டாவது ‘டு’. தமிழில் ‘கேட்க’ என்ற எச்சத்தோடு ‘கு’வைச் சேர்க்க முடியுமா? முடியாது. ‘கேட்பது’ என்று பெயராக்கிய பிறகுதான் ‘கேட்பதற்கு’ என்கிறோம். ‘ஹியர்’ ‘ஹியரிங்’ ஆவதும் இதற்காகத்தான்.

எந்த ‘டு’ என்று சந்தேகம் வந்தால், அதன் பின்னால் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது. அப்படியானால் வினைக்கு ‘இங்’ வேண்டும். ‘ஐ வான்ட் டு இட்’ நிற்கவில்லை. அங்கே முதல் வடிவம் போதும்.

விண்ணப்பக் கடிதங்களில் இதைவிடப் பெரிய சேதம் ‘யூஸ்ட் டு’வில் நடக்கிறது. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்’ என்றால் இரவு வேலை எனக்குப் பழக்கம். ‘ஐ யூஸ்ட் டு வொர்க் அட் நைட்’ என்றால் முன்பு செய்தேன், இப்போது இல்லை. ‘ஆம்’ விட்டுப்போனால், உங்களிடம் இருக்கும் தகுதியை இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ‘ஆம்’ போட்டுவிட்டு ‘வொர்க்’ என்று எழுதுவதும் பிழையே.

‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’ என்பதும் நம்மிடையே அதிகம். பதிலுக்காகக் காத்திருப்பதாகத் தமிழில் நினைத்து எழுதுவதால் ‘ஃபார்’ நுழைந்துவிடுகிறது. ‘ஃபார்’ கேட்பது ‘வெயிட்’. ‘அவெய்ட்’ எதையும் கேட்காது: ‘ஐ அவெய்ட் யுவர் ரிப்ளை’, அவ்வளவே.

பொருளிலும் கவனம் வேண்டும். தமிழில் ‘எதிர்பார்க்கிறேன்’ எல்லாவற்றுக்கும் பொருந்தும். மழையையும் எதிர்பார்க்கலாம், நஷ்டத்தையும் எதிர்பார்க்கலாம். ‘லுக் ஃபார்வர்ட் டு’ மகிழ்ச்சியோடு எதிர்நோக்குவதற்கு மட்டும். சரக்கு வரத் தாமதமாகும் என்று வாடிக்கையாளருக்கு எழுதும்போது ‘வி எக்ஸ்பெக்ட் அ டிலே’ என்றுதான் எழுத வேண்டும். மாறாக, வேலை கேட்டு எழுதும் இடத்தில் ‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்றால் கட்டளை போடுவது போல் ஒலிக்கும்.

உங்கள் நண்பர் தொடாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது: உங்கள் வாக்கியத்தில் எழுவாய் இல்லை. பழைய கடிதங்களில் ‘ஹோப்பிங் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று தொடங்கி, காற்புள்ளி வைத்து, ‘ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடிப்பார்கள். ‘ஐ’ அங்கே இருந்தது. ‘தேங்கிங் யூ’வுக்குப் பின்னால் இன்றும் நாம் வைக்கும் காற்புள்ளி அந்த வழக்கத்தின் மிச்சம். ‘ஐ ரிமெய்ன்’ போய்விட்டதால் தலைப்பகுதி மட்டும் தனியாகத் தொங்குகிறது. நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் பரவாயில்லை. விண்ணப்பத்தில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று எழுவாயோடு எழுதி, முற்றுப்புள்ளி வையுங்கள். ‘ஐ ஆம் லுக்கிங்’ என்பதும் இலக்கணப்படி சரிதான். சற்று நெருக்கமான தொனி, அதனால் முன்பின் தெரியாத அதிகாரிக்கு ‘ஐ லுக்’ மேல்.