காயில் கவருக்குள் கருமணல்: கடற்கரையில் டிடெக்டர் வீணாகக் கத்தினால்

கேள்வி: ஆக்லாந்தில் வசிக்கிறேன். கார்ரெட் ஏஸ் 300 மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறேன். தரைமேல் வீசும் தட்டையான தலைப்பகுதியான காயில் (coil) தேயாமல் இருக்க அடியில் பிளாஸ்டிக் கவர் மாட்டியிருக்கிறேன். டாகாபுனா கடற்கரையின் காய்ந்த மணலில் ஒழுங்காக வேலை செய்கிறது. மேற்குக் கரையிலுள்ள முரிவாய்க்குக் கொண்டுபோனால், தோண்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத இடத்தில்கூடக் கீச்சுக்கீச்சென்று கத்துகிறது. காயில் போய்விட்டதா? மணல் புகாமல் கவரின் விளிம்பைச் சிலிக்கான் போட்டு அடைத்துவிடலாமா?

பதில்: காயில் போயிருக்க வாய்ப்பு குறைவு. சிலிக்கானைத் தொடவே வேண்டாம். முதலில் அந்தக் கவரைக் கழற்றுங்கள்.

செய்தித்தாளை விரித்து, அதன் மேல் கவரை மெதுவாக நெம்பி எடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மணலைத் தட்டிக் கொட்டி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சின்னக் காந்தம் ஒன்றைப் பாலித்தீன் பையில் சுற்றி அதன் அருகே கொண்டுபோங்கள். முரிவாய் மணல் துள்ளி ஏறி, பை மேல் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நிற்கும். டாகாபுனா மணலில் இந்த அளவுக்கு நடக்காது. உங்கள் டிடெக்டர் ஒரு கரையில் சாதுவாகவும் இன்னொரு கரையில் கூச்சலுமாக இருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் இதுதான். தரனாக்கி எரிமலைப் பாறையிலிருந்து அரித்து வந்த டைட்டனோமாக்னடைட் என்ற இரும்புத் தாது, கடல் நீரோட்டத்தோடு வடக்கே நகர்ந்து மேற்குக் கரை நெடுகப் படிந்திருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கருமணலைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதல்ல. ஆனால் அங்கே அதிகம் இருப்பது இல்மனைட் என்ற டைட்டானியத் தாது. அதைச் சாதாரணக் காந்தம் இவ்வளவு ஆவேசமாக இழுக்காது.

தரையில் கிடக்கும் கருமணல் காயிலிலிருந்து ஓரளவு சீரான தூரத்தில் இருக்கிறது. கவருக்குள் சிக்கிய மணலோ காயிலுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அருகே இருக்கிறது, அதோடு நீங்கள் வீசும் ஒவ்வொரு வீச்சுக்கும் இடமும் வலமும் நகர்கிறது. டிடெக்டர் கவனிப்பதே மாற்றத்தைத்தான். மணல் நகர்வதை அது உலோகம் கடந்துபோவதாக எடுத்துக்கொள்கிறது. உப்புநீரும் சேர்ந்திருந்தால் மின்கடத்தும் ஈரப் படலம் ஒன்றும் கூடவே ஆடுகிறது. வீச்சு முடிந்து கையைத் திருப்பும் முனையில்தான் சத்தம் அதிகம் வருகிறதென்றால், கவர் மணல் மேல்தான் சந்தேகம்.

காயில் நல்லதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கவர் இல்லாமல் காயிலைக் கழுவித் துடைத்து, இரும்பு, மின்கம்பி, கைப்பேசி எதுவும் அருகில் இல்லாத இடத்தில் இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். சென்சிட்டிவிட்டியை (உணர்திறன்) பாதியில் வையுங்கள். விரல் நுனியால் காயிலைச் சுற்றிலும் தட்டுங்கள். கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் காயில் நலம். தட்டினால் கத்துகிறதென்றால் காயிலின் பிளாஸ்டிக் ஓட்டில் விரிசல் விழுந்து நீர் இறங்கியிருக்கலாம், உள்ளே கம்பிச்சுற்று தளர்ந்திருக்கலாம். கேபிளை அசைத்தால் மட்டும் கத்துகிறதென்றால் கேபிளோ கனெக்டரோ பழுது.

இதற்குப் பிறகும் முரிவாயின் ஈரமணலில் கத்தினால், அது உங்கள் கருவியின் எல்லை. ஏஸ் 300 ஒரே அலைவரிசையில், 8 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது. தரையிலுள்ள தாதுக்களைக் கருவி பொருட்படுத்தாமல் இருக்கச் செய்யும் சமநிலையைக் (ground balance) கையால் மாற்ற வழியில்லை. உப்பும் காந்தத் தாதும் சேர்ந்த தரை அதற்குக் கடினம். சென்சிட்டிவிட்டியை இரண்டு படி குறையுங்கள், காயிலைத் தரையிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தூக்கிப் பிடியுங்கள், அலை ஏறும் கோட்டுக்கு மேலே காய்ந்த மணலில் தேடுங்கள். ஈரமணல்தான் வேண்டுமென்றால் பல அலைவரிசைக் கருவியோ துடிப்புத் துடிப்பாக மின்சாரம் விடும் பல்ஸ் வகைக் கருவியோ வாங்க வேண்டியிருக்கும். கவரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது அதற்கு ஈடாகாது.

இனி சிலிக்கான். விளிம்பை அடைத்தால் மணல் புகாது என்பது சரிதான், அடைப்பு முழுதாக இருக்கும்வரை. ஒரு மூலையில் ஊசி நுழையும் அளவு பிரிந்தாலும் உப்புநீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. கவரைக் கழற்றிக் கழுவவும் முடியாது. போதாக்குறைக்கு, வினிகர் நாற்றம் அடிக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது அமிலம் விடும். விரிசல் வழியே உள்ளே போனால் செம்பைக் கெடுக்கும்.

அதற்குப் பதில், ஒவ்வொரு முறை கடற்கரையிலிருந்து திரும்பியதும் கவரைக் கழற்றுவதைப் பழக்கமாக்குங்கள். ஒரு வாளி நல்ல தண்ணீரில் காயிலையும் கவரையும் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் குழாய் வேண்டாம். மணலை இடுக்குக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும். தின்னர், அசிட்டோன் பக்கம் போகவே கூடாது, பிளாஸ்டிக் ஓடு இளகிவிடும். நிழலில் காயவைத்து, இரண்டும் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் உப்புப் படலத்தை நீங்களே உள்ளே பூட்டி வைத்ததாகும். கடற்கரையில் இருக்கும்போதே சத்தம் கூடினால், அங்கேயே கழற்றிக் கொட்டிவிட்டுத் தொடருங்கள்.

காயிலைத் தண்டோடு பிணைக்கும் பிளாஸ்டிக் போல்ட்டையும் ரப்பர் வாஷர்களையும் அதே வாளியில் அலசுங்கள். வாஷரில் மணல் இருந்தால் பிடி நழுவி காயில் தொங்கும். பலர் அப்போது நட்டை இறுக்கிக்கொண்டே போவார்கள். கடைசியில் போல்ட் நுழையும் காயிலின் காது உடையும். வாஷர் தேய்ந்தால் புதிது போடுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவினால் இன்னும் வழுக்கும். போல்ட் தொலைந்தால் இரும்பு போல்ட் போடாதீர்கள், காயில் அதையே பிடித்துக்கொண்டு கத்தும்.

கேபிளைத் தண்டில் சுற்றி வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். காயில் அருகே மட்டும், காயிலை மேலும் கீழும் மடக்கும் அளவு தளர்வு போதும். அதற்கு மேல் தொங்கினால் ஆடி வீண் சத்தம் தரும்; இழுத்துக் கட்டினால் நுழையும் இடத்தில் பிய்யும்.

மயிரிழை விரிசல் கண்ணில் பட்டால் முதலில் இரண்டு மூன்று நாள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஈரத்தை உள்ளே வைத்து ஒட்டினால் பயனில்லை. பிறகு அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எபாக்சியைச் சம அளவு கலந்து மெல்லிய பூச்சாகத் தடவி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். இரும்புத்தூள் கலந்த எபாக்சி வகைகளைத் தவிருங்கள். ஓட்டுக்கு அலுமினிய நிறப் பெயின்ட் அடிப்பதும் வேண்டாம்.

வெயிலில் நின்ற காரின் டிக்கியிலிருந்து எடுத்த காயிலை உடனே குளிர்ந்த அலையில் முக்காதீர்கள். ஓடும் உள்ளே வார்த்த எபாக்சியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, விரிசல் தொடங்குவது இப்படியும்தான். பத்து நிமிடம் நிழலில் ஆறவிட்டு இறக்குங்கள். ஏஸ் 300-இல் நீரில் முக்கக்கூடியது காயில் மட்டுமே, கண்ட்ரோல் பாக்ஸ் நீர் தாங்காது. வாளிக் குளியலுக்கு முன் காயில் கனெக்டரை உலர்ந்த கையால் கழற்றி, அதன் முனையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வாளிக்கு வெளியே வையுங்கள்.