வாசகர் கேள்வி: வாழைத்தடைக் காகிதம், தேயிலை ரோலர், காப்புரிமை

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ஏத்தன் (நேந்திரன்) வாழைத்தடையை, அதாவது குலை வெட்டிய வாழையின் தண்டை நறுக்கி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்துக் காகிதம் செய்கிறோம். காய்ந்ததும் தாள் சுருங்கி, மொடமொடவென்று கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிடுகிறது. கறுப்புப் புள்ளிகளும் விழுகின்றன. இதைச் சரிசெய்தால் எங்கள் செய்முறைக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?
- வாசகி, திருவட்டாறு

பதில்: முதலில் தாளைச் சரிசெய்வோம். தடையை அப்படியே நறுக்கிப் போடுவதில்தான் கோளாறு. அதில் நாரைவிட, நாருக்கிடையே இருக்கும் மெத்தென்ற சோற்றுப்பகுதியே அதிகம். அது நீர் குடித்து ஊதும். காயும்போது நாரையும் இழுத்துக்கொண்டு சுருங்கும். நார் உரிக்கும் இயந்திரத்தில் நாரை மட்டும் எடுத்து, உலர்த்தி, 2 செ.மீ. துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் கூடினால் கூழ் அரைக்கும் பீட்டரில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும்.

உலர்ந்த நார் 1 கிலோவுக்கு 100 முதல் 120 கிராம் காஸ்டிக் சோடா, 10 முதல் 12 லிட்டர் தண்ணீர். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் கட்டாயம். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனை வெளிவிடும். சுமார் 3 மணி நேரம் கொதித்தபின் ஒரு துண்டை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். இழை இழையாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. வழுவழுப்புப் போகும்வரை கழுவி, கடைசிக் கழுவலை 60 அல்லது 80 மெஷ் (ஓர் அங்குலத்தில் அத்தனை கண்கள் உள்ள) சல்லடையில் செய்தால் ஒட்டியிருக்கும் சோறும் போய்விடும்.

கறுப்புப் புள்ளிக்குக் காரணம் பெரும்பாலும் இரும்பு. வாழைக்கறையில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். துருப்பிடித்த டிரம், பீட்டரின் பிளேடு, போர்வெல் தண்ணீர் மூன்றையும் பாருங்கள்.

கூழை அதிகமாக அரைத்தாலும் இதே கண்ணாடித்தாள்தான் வரும். சல்லடைச் சட்டத்தில் அள்ளியதும் நீர் சட்டென்று வடிய வேண்டும். மெல்ல மெல்ல வடிந்தால் அரைப்பு கூடிவிட்டது என்று பொருள். தாளை ஜாக்கி வைத்து அழுத்தி நீரைப் பிழிந்து, பலகையில் ஒட்டியபடியே காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் சுருங்கத்தான் செய்யும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், நாரை வெயில் காலத்திலேயே உலர்த்திச் சேமித்துக்கொள்வது நல்லது. ஈர நாரைக் குவித்து வைத்தால் பூசணம் பிடிக்கும்.

இனி காப்புரிமை. சோடாவில் வேகவைத்துக் கூழ் எடுக்கும் முறைக்குப் பர்ஜெஸ், வாட் இருவரும் 1854-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். காஸ்டிக்கோடு சோடியம் சல்ஃபைடும் சேர்த்து வேகவைக்கும், இன்றைய பெரிய ஆலைகளின் கிராஃப்ட் முறைக்கு கார்ல் டால் 1884-இல் பெற்றார். இரண்டும் காலாவதியாகி எப்போதோ பொதுச்சொத்து ஆகிவிட்டன. நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் உங்களுடையது என்று கோர முடியாது. தெரிந்த செய்முறையை வெறுமனே கையாள்வது கண்டுபிடிப்பு ஆகாது, அதிலிருந்து புதிய பொருள் வர வேண்டும் அல்லது ஒரு புதிய வினைபொருளாவது சேர வேண்டும் என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. காஸ்டிக் இல்லாமல் சோற்றைப் பிரிக்கும் வழி எதையாவது நீங்கள் கண்டால், அதுவும் இதுவரை எங்கும் வெளிவராததாக இருந்தால், அங்கேதான் உங்கள் உரிமை பிறக்கிறது. அப்போதும் ‘நல்ல தாள் வருகிறது’ என்று எழுதினால் போதாது. எந்தச் சூட்டில், எத்தனை நிமிடம், எத்தனை சதவீதம், அந்த அளவைத் தாண்டினால் என்ன கெடுகிறது என்பதெல்லாம் வேண்டும்.

இன்னொன்று. வேகவைத்த கறுப்பு நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். பெரிய ஆலைகள் அதைச் சுண்டவைத்து எரித்து, ரசாயனத்தை மீட்டெடுக்கின்றன. சிறிய கூடத்தில் அதற்கு வழியில்லை. உற்பத்தியைப் பெருக்கும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: சொந்த ஊர் மார்த்தாண்டம். மூணாறு பக்கம் தேயிலை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். சி.டி.சி. ரோலரின் பல்லை வேறு கோணத்தில் வெட்டினால் தூள் சீராக விழுகிறது. இதற்குக் காப்புரிமை உண்டா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வாய்ப்பு உண்டு. பல் வெட்டிய இரண்டு ரோலர்களுக்கிடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறை 1930-ஐ ஒட்டி அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கியது. ஒரு ரோலர் நிமிடத்துக்கு 70 சுற்று, மற்றது 700 சுற்று என்ற ஏற்பாடு எல்லோருக்கும் பொது. உங்கள் கோணம் புதியதா என்று காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடல் தளமான இன்பாஸில் முதலில் பாருங்கள்.

சோதனையில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: புதிதாக வெட்டிய பல்லை, மழுங்கிய பழைய பல்லோடு ஒப்பிடுவார்கள். மழுங்கிய பல் இலையை வெட்டாமல் நசுக்கும். இலை சூடேறி, டீயின் பளபளப்பு குறையும். அதோடு ஒப்பிட்டால் எந்தப் புதுப் பல்லும் ஜெயிக்கும். பழைய ரோலரையும் தீட்டிவிட்டு, ஒரே தொட்டியில் வாடவைத்த இலையை இரண்டாகப் பிரித்து ஓட்டுங்கள். வெட்டி வரும் இலையின் வெப்பம், மோட்டார் இழுக்கும் ஆம்பியர், ஒவ்வொரு சல்லடையிலும் நின்ற எடை, அடுத்த தீட்டலுக்கு எத்தனை மணி நேரம் தாங்கியது என்று தேதியோடு எழுதி வையுங்கள். வெட்டிய இலையைப் புளிக்கவைப்பதும் உலர்த்தலும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். கண்டுபிடிப்பு நிறுவனத்துக்கே சேரும் என்று அதில் இருக்கலாம். அப்படி இருந்தாலும் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் செய்முறையை யூடியூபில் போட்டுவிட்டேன். இனி விண்ணப்பிக்கலாமா? செலவு எவ்வளவு?
- வாசகர், குலசேகரம்

பதில்: செய்முறை முழுவதும் விளங்கும்படி வீடியோ இருந்தால் புதுமை போய்விட்டது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. வீடியோவில் முடிந்த பொருளை மட்டும் காட்டி, உள்வேலையைக் காட்டாமல் விட்டிருந்தால் வழி இருக்கிறது. அதற்குப் பிறகு செய்த மேம்பாட்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். 30 பக்கம், 10 உரிமைக்கோரல்களை (எதற்கு உரிமை வேண்டும் என்று எழுதும் பத்திகளை) தாண்டினால் கூடும். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும்படி அலுவலகத்தைக் கேட்கும் பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய். அதை முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். காப்புரிமை முகவர் வைத்தால் அவர் கட்டணம் தனி. தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரத்தைத் தரலாம். அடுத்த வீடியோவை விண்ணப்ப எண் கைக்கு வந்தபின் ஏற்றுங்கள்.