இபிட் சமச்சீர் திடீரென்று நன்றாகிவிட்டதா? ஃப்ளட் ஃபீல்டைப் பாருங்கள்

வணக்கம். கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரமான லினாக்கில் ஃப்ளட் ஃபீல்ட் (பேனல் முழுவதும் கற்றை விழச் செய்து எடுக்கும் அளவுத்திருத்தப் படம்) புதிதாக எடுத்த மறுநாளிலிருந்து 6 எம்வி எக்ஸ்-கதிர் கற்றையின் சமச்சீர் (இரு பக்கத் தீவிரங்களுக்கு இடையிலான வேறுபாடு) இபிட்டில் (லினாக்கின் படமெடுக்கும் பேனலில்) 0.3%, அயனி அறை வரிசையில் (கற்றையின் குறுக்கே பல புள்ளிகளில் அளக்கும் தனிக் கருவியில்) 2.5% வருகிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு வரிசை மேல்தான் நம்பிக்கை. ஆனாலும் அதை 180 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். சாய்வு (ஒரு பக்கம் தீவிரம் கூடித் தெரிவது) வரிசையோடு சேர்ந்து திரும்பினால் குறை வரிசையில். லினாக்கின் அதே பக்கத்தில் நின்றால் கற்றையில்.

கற்றை என்றால், இபிட் அதைக் காட்டாததற்குக் காரணம் இதுதான்: ஃப்ளட் எடுத்த பிறகு எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்த ஃப்ளட் படத்தால் வகுக்கப்படுகிறது. அன்று கற்றை சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வையும் பிக்சல்களின் உணர்திறன் வேறுபாடு என்றே எடுத்துக்கொண்டு அழித்துவிடும். கற்றையைச் சமப்படுத்த லினாக்கில் வைக்கும் தட்டையாக்கும் வடிகட்டி தரும் ஓரக் கொம்புகள் (ஓரங்களில் தீவிரம் சற்றுக் கூடுவது) இபிட் படத்தில் தெரியாமல் போவதும் இதனால்தான்.

அதனால் முதலில் கற்றையைச் சரிசெய்து வரிசையில் உறுதிப்படுத்துங்கள். அப்புறம் டார்க் ஃபீல்ட் (கற்றை இல்லாமல் எடுக்கும் படம்), அதன் பின் ஃப்ளட். பெரிய டோஸ் கொடுத்த உடனே எடுக்காதீர்கள், முந்தைய படத்தின் நிழல் பேனலில் தங்கியிருக்கும். தினசரி ஒப்பீட்டுப் படத்தையும் மறக்காமல் புதிதாக எடுங்கள். நாங்கள் ஃப்ளட் எடுத்த தேதிக்குப் பக்கத்திலேயே அன்றைய வரிசை அச்சுப்படியை ஒட்டி வைக்கிறோம்.