வாசகர் கேள்வி பதில்: முதல் டைவ் கம்ப்யூட்டர் எது வாங்கலாம்?

கேள்வி: சார், நான் காட்பாடி. பாண்டில ஸ்கூபா டைவிங்ல மொத படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் வாடகை கம்ப்யூட்டர் தான் கட்டிக்கினு இறங்குறேன். சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு கேட்டா ஒருத்தர் க்ரெஸ்ஸி லியோனார்டோ போதும்ன்றாரு, ஒருத்தர் சூன்டோ மட்டும் வேணாம் அது பயந்தாங்கொள்ளின்றாரு, இன்னொருத்தர் வாங்குனா ஷியர்வாட்டர் பெரெக்ரின் வாங்கு இல்லாட்டி சும்மா இருன்றாரு. இன்னா தான் வாங்குறது?

பதில்: தம்பி, மூணு பேரும் அவங்கவங்க கைல கட்டியிருக்கறத தான் சொல்லியிருப்பாங்க, புல்லட் வெச்சிருக்கவன் ஸ்ப்ளெண்டர் வாங்குன்னு சொல்லமாட்டான் இல்ல.

மொதல்ல அந்த பயந்தாங்கொள்ளி பஞ்சாயத்த முடிப்போம். டைவ் கம்ப்யூட்டர்ன்றது மணிக்கட்டுல கட்டுற கருவி, தண்ணிக்குள்ள உடம்புல நைட்ரஜன் அளவுக்கு மேல ஏறாம இன்னும் எத்தன நிமிஷம் இருக்கலாம்னு சொல்லும். ஒரே ஆழத்துல ஒரு கம்ப்யூட்டர் இன்னும் இத்தன நிமிஷம் இருக்கலாம்னு அதிகமா காட்டும், சூன்டோ மாதிரி சிலது கொஞ்சம் கம்மியா காட்டும், அதான் விஷயம். ஆனா உங்க கணக்க போட்டு பாருங்க. உங்க கோர்ஸ்க்கு எல்லை 18 மீட்டர். அந்த ஆழத்துக்கு பாடின்ற (PADI) டைவிங் பயிற்சி அமைப்போட டேபிள் முதல் டைவ்க்கு 56 நிமிஷம் தருது. சாதாரண அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர், 200 பார் அழுத்தத்துல நிரப்புனா சுமார் 2200 லிட்டர் காத்து, அதுல 50 பார் மிச்சம் வெச்சுக்கினு மேல வரணும், ஆக கைல இருக்கறது 1650. தண்ணிக்கு வெளிய நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கறவருக்கு 18 மீட்டர்ல அழுத்தம் 2.8 மடங்குன்றதால 56 லிட்டர் போகும், புதுசா இறங்குறவங்க அதுக்கும் மேல இழுப்பாங்க. அப்போ அரை மணிநேரத்துல உங்க காத்தே காலி, கம்ப்யூட்டர் தர்ற நிமிஷம் அப்டியே கிடக்கும். ரெண்டாவது, மூணாவது டைவ்ல தான் வித்தியாசம் தெரியும், அப்பவும் கொஞ்சம் முன்னாடி மேல வந்தா குறைஞ்சு போறது ஒண்ணுமில்ல.

அதனால எந்த ஃபார்முலான்னு பாக்காதீங்க, உங்க கண்ணுக்கு எது தெரியுதுன்னு பாருங்க. பாண்டி கடல் சில நாள் கண்ணாடி மாதிரி இருக்கும், சில நாள் மோர் மாதிரி இருக்கும், அன்னிக்கு பொடி எழுத்து கம்ப்யூட்டர் கட்டிக்கினு போனா மூக்கு கிட்ட கொண்டாந்து தான் படிக்கணும். நாப்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவங்கன்னா கேக்கவே வேணாம். லியோனார்டோல எண்ணு பெருசு, பட்டன் ஒண்ணே ஒண்ணு, அழுத்தி புடிச்சா ஒரு வேலை தட்டுனா ஒரு வேலை, ஆனா மெனுல ஒரு இடம் தாண்டி போயிட்டா மறுபடி ஊர சுத்தி வரணும், அது கொஞ்சம் எரிச்சல். மாரெஸ் பக் ப்ரோவும் ஒத்த பட்டன் தான். சூன்டோ ஜூப் நோவோல நாலு பட்டன், பழகிட்டா சுலபம். பெரெக்ரின் கலர் ஸ்க்ரீன், இருட்டுல கூட பளிச்னு தெரியும், பேட்டரி வாங்குற வேலை இல்ல சார்ஜ் தான், விலை மட்டும் மத்தத விட ரொம்ப அதிகம். வருஷத்துக்கு பத்து டைவ்னா மொத மூணுல எது கண்ணுக்கும் கைக்கும் ஒத்துவருதோ அத வாங்குங்க. நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டுன காத்துக்கு கணக்கு போடுற வசதி, எல்லாத்துலயும் இருக்கு. சிலிண்டர் காத்த மணிக்கட்டுலயே காட்டுற டிரான்ஸ்மிட்டர் இப்போதைக்கு வேணாம், அந்த காசுக்கு அந்தமான் போயிட்டு வாங்க.

கேள்வி: ஆம்பூர்ல இருந்து எழுதுறேன். உடம்புக்குள்ள நைட்ரஜன் எவ்ளோன்னு டைவ் கம்ப்யூட்டருக்கு எப்டி தெரியும்? ஊசியா போடுது?

பதில்: ஒண்ணும் தெரியாதுங்க, கணக்கு தான் போடுது. அழுத்தத்த அளக்கும், நேரத்த அளக்கும், சில நொடிக்கு ஒருக்கா கூட்டிக் கழிக்கும், அவ்ளோதான். ஆம்பூர்க்காரருக்கு தோல் வெச்சே சொல்லலாம். கைக்குட்டைய தண்ணில போட்டா உடனே நனையும், உடனே காயும். தோல் ஊறவும் நேரமாகும், காயவும் நேரமாகும். நம்ம உடம்புலயும் ரத்தம் நல்லா ஓடுற இடம் சீக்கிரம் நைட்ரஜன் ஏத்தி சீக்கிரம் இறக்கும், கொழுப்பு மாதிரி இடம் மெதுவா. ஹால்டேன்னு ஒரு விஞ்ஞானி ஆடுகள அழுத்த அறைல வெச்சு சோதனை பண்ணி, உடம்ப அஞ்சு வேகமா பிரிச்சு 1908ல கணக்கு வெளியிட்டாரு (நம்ம பக்கம் ஆடுன்னா பிரியாணி, தோல், ரெண்டோட முடிஞ்சுடும்). பெரெக்ரின்ல இருக்கறது ப்யூல்மன்ன்ற இன்னொரு விஞ்ஞானியோட கணக்கு, அதுல 16 வேகம். ஆனா நீங்க ராத்திரி தூங்கலன்றதோ, தண்ணி குடிக்கலன்றதோ அதுக்கு தெரியாது. அதனால எல்லை வரைக்கும் போய் தொட்டுட்டு வராதீங்க.

கேள்வி: என் ஸ்மார்ட்வாட்ச்ல 5 ஏடிஎம் போட்டிருக்கு, அது பத்தாதா? – ராணிப்பேட்டை

பதில்: பத்தாது. அது நீச்சல் குளத்துக்கு. ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா மாதிரி ஆழம் அளக்கறதுக்குன்னே செஞ்சது வேற கதை, அதுக்கும் 40 மீட்டர் எல்லை, தனி ஆப் வேற போடணும்.

கேள்வி: ஞாயிறு காலைல பாண்டில ரெண்டு டைவ், சாயங்காலம் அப்டியே ஏலகிரில ரூம். கம்ப்யூட்டர்ல ப்ளேன் படம் வருது, நாங்க கார்ல தானே போறோம்? – வாணியம்பாடி

பதில்: நல்லவேளை கேட்டீங்க! அந்த படம் இப்போ பறக்காதன்ற எச்சரிக்கை. ப்ளேனோ காரோ உடம்புக்கு தெரியாது, மேல ஏறுனா அழுத்தம் குறையும், உள்ள மிச்சம் இருக்கற நைட்ரஜன் குமிழியாகலாம், அவ்ளோதான். வேலூர் இருநூறு மீட்டர் சொச்சம், வீட்டுக்கு வந்து படுக்கலாம். ஏலகிரி 1100 மீட்டர். டைவ் அடிக்கறவங்க பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்போட பறக்கும் விதி 600 மீட்டர் உயரத்துல இருந்தே பொருந்தும், ரெண்டு டைவ் அடிச்சா 18 மணிநேரம் காத்திருக்கணும். பதினோரு மணிக்கு கரைக்கு வந்தீங்கன்னா மறுநாள் காலை அஞ்சு மணி. ரூம திங்கக்கிழமைக்கு மாத்துங்க, இல்லாட்டி ஏலகிரி முடிச்சுட்டு கடலுக்கு போங்க. மூட்டு வலி, மரத்துப்போறது எதுனா வந்தா எந்த ஆஸ்பத்திரி போனாலும் மொத வார்த்தையா டைவ் அடிச்சேன்னு சொல்லுங்க, ஆக்சிஜன் கேளுங்க.

கேள்வி: பேட்டரிய நம்ம ஊர் வாட்ச் கடைல மாத்தலாமா? – ஆற்காடு

பதில்: நான் மாத்துனேன். கடைக்காரர் நல்ல மனுஷன், மூடி தொறந்து ரெண்டு நிமிஷத்துல போட்டு குடுத்துட்டாரு. மறுநாள் பாண்டில ஆறு மீட்டர் போயிருப்பேன், கண்ணாடிக்குள்ள ஓரமா ஒரு மூடுபனி, அப்றம் ஒரு சின்ன குமிழி, எண்ணு பாதி பாதியா மறைய ஆரம்பிச்சுது. கூட வந்தவருக்கு கை காட்டி மெதுவா மேல வந்தேன். தொறந்து பாத்தா ஓ-ரிங், அதான் தண்ணி உள்ள வராம தடுக்கற ரப்பர் வளையம், அது மேல ஒத்த தலைமுடி. அன்னிக்கு வேற கம்ப்யூட்டர் தரேன்னாங்க, வேணாம்னுட்டேன், ஏன்னா காலைல நான் ஏத்திக்கின நைட்ரஜன் அந்த புது கம்ப்யூட்டருக்கு தெரியாது. மிச்ச நாள் படகுல உக்காந்து வேர்க்கடலை தின்னுக்கினு இருந்தேன். இப்பல்லாம் வெள்ளை துணி விரிச்சு ஃபேன நிறுத்திட்டு நானே மாத்துறேன், புது ஓ-ரிங், துளி சிலிகான் கிரீஸ். மாத்துனதும் ஒரு டம்ளர் தண்ணில அரை மணி போட்டு பாப்பேன், அதுல தேறிட்டா முழுசா நம்பலாம்னு இல்ல, தேறலன்னா பாண்டிக்கு பெட்ரோல் மிச்சம்.