மூவாயிரம் பேர் யார்?

கேள்வி: பள்ளியில் தீவிரவாதத்தைப் பற்றிப் பேசினால், தெரியாத பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தது போல் ஆகாதா? நன்னெறி வகுப்பு போதாதா?
— ஓர் ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: தெரியாத பிள்ளைகள் என்று யாரைச் சொல்கிறீர்கள்? கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்ட வழக்கில் பிடிபட்டவர்களில் அவருடைய பள்ளி மாணவர்களும் இருந்தனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிற்றுக்குத் தடை கோரியது. கயிற்றைக் கழற்றிவிடலாம், அதைக் கட்டத் தூண்டிய பேச்சைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் சுற்றறிக்கையால் வராது. குறளை ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கும் மாணவனும், தன் சாதிக்கு இழிவு நேர்ந்துவிட்டதென்று யாராவது சொன்னால், அந்தக் குறள் தனக்குச் சொல்லப்பட்டதாக எண்ணுவதில்லை.

பாடத்துக்கு வெளியூர் போக வேண்டாம், மணியாச்சி போதும். 1911 ஜூன் 17 அன்று அந்த ரயில் நிலையத்தில் பிரிட்டிஷ் அரசின் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தானும் மாண்ட செங்கோட்டை வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அவரைத் தியாகி என்பதா, கொலையாளி என்பதா என்று பட்டிமன்றம் நடத்தாமல், அந்தக் கடிதத்தை வரிவரியாகப் படிக்கச் செய்யுங்கள். அதன் பின்னணியில் இருந்த குறை பொய்யன்று: 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை எதிர்த்துத் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தபோது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஆனால் கடிதம், பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைக் கொல்ல மூவாயிரம் பேர் சபதம் செய்திருப்பதாகச் சொல்கிறது. ஆஷ் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களோ 14 பேர். அந்த மூவாயிரம் பேர் யார்? ஆங்கிலேயரை மிலேச்சர் (இழிந்த அந்நியர்) என்றும், அவர்கள் சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள் என்றும் எழுதும்போது, காக்கப்பட வேண்டிய ‘நாம்’ என்பதற்குள் செங்கோட்டையின் எந்தத் தெருக்கள் அடங்கின, எவை அடங்கவில்லை? ஆஷைப் போற்றி இன்று கைப்பேசியில் சுற்றும் கதைகளையும் விட்டுவிடாதீர்கள். அவற்றுக்கு 1911ஆம் ஆண்டுச் சான்று எது என்று அதே வகுப்பில் கேட்கச் சொல்லுங்கள். (வரலாற்று நூல்களில் திலகரையும் வ.உ.சி.யையும் குறித்த ‘தீவிரவாதி’ என்ற சொல், நாளிதழில் வேறு ஆட்களைக் குறிக்கிறது. அது தனியாக ஒரு பாடவேளைக்குத் தாங்கும்.)

உண்மையான ஒரு குறை, பெருக்கிச் சொன்ன ஓர் எண்ணிக்கை, எல்லை சொல்லாத ஒரு ‘நாம்’: இம்மூன்றையும் நூறாண்டுக்கு முந்தைய தாளில் அடையாளம் கண்ட பிள்ளை, சாதிச் சங்கத்தின் சுவரொட்டியிலும் அவற்றைத் தேடுவான். இப்போது நடப்பதை எடுத்த எடுப்பிலேயே பேசினால், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அதனால்தான் பழையதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

ஆனால் அதற்கும் முன்னால், புதிதாக மாறுதலாகி வரும் ஆசிரியரிடம் ‘சொந்த ஊர் எது, எந்தத் தெரு’ என்று உங்கள் ஆசிரியர் அறையில் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.